மெதுவாய் அமத்தினால் இறங்கும் பிறேக்

போன செவ்வாய்க்கிழமை மகளின் காரில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, பிறேக் பஞ்சு மாதிரிப் போகிறது என்று அவள் சொன்னாள். வீட்டுக்கு வராமல் நேரே பலாலி வீதியில் இருக்கும் ஒரு கராஜுக்கு விட்டாள். அவள் இறங்கி வெளியே நின்று யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் மடியில் கத்தரிக்காய்ப் பையோடு காருக்குள்ளேயே இருந்தேன். கராஜ்காரர் தனி ஆள். காருக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி, குறை நினைக்கவேண்டாம், அந்தப் பக்கம் மாறியிருந்து பிறேக்கை ஒருக்கால் அமத்திப் பிடிக்க ஏலுமோ என்று கேட்டார்.

மாறி இருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை அமத்தினேன். "பிடிச்சன்" என்றேன். அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லவில்லை; கால் பெடலில் பட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கீழே சில்லடியில் ஒயிலை வடியவிடுகிற நிப்பிள் திறபட்டு, போத்தலுக்குள் ஒயில் கொப்புளித்து வடிகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த மணம் மேலே வந்தது. எண்ணெயும் ஏதோ மருந்தும் கலந்தது மாதிரி, கொஞ்சம் இனிப்பான மணம். எங்களுடைய முதல் மூன்று மாதத்து மணம் அது.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கத்தரிக்காயைக் கூடக் கழுவாமல், இந்தக் கடிதத்தை எழுத இருந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வரவேண்டும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. பேசிச் செய்த கலியாணம். நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். நீங்கள் காங்கேசன்துறையில் மெஷின்களோடு வேலை. மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை, கார் ஓட்டப் பைத்தியம் மட்டும் இருக்கிறது என்று தரகர் சொன்னதாக அம்மா சொன்னா. அந்தப் பைத்தியம் என்னவென்று உங்கள் வளவுக்குள் வந்த அன்றைக்கே கண்டேன். பின்பக்கம் கிடுகுக் கொட்டிலுக்குள் ஒரு வெள்ளை மினி நின்றது. எங்கேயோ அடிபட்டுக் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டி, ஓட்டப் பந்தயத்துக்கென்று செய்து வைத்திருந்தீர்கள். பாரம் குறையவேண்டுமென்று பின் சீற்றும் இல்லை, முன்னுக்கும் சாரதியின் சீற்று மட்டும்தான். சித்திரையில் மலைநாட்டில் நடக்கும் மலையேற்றக் கார் ஓட்டத்துக்கு அதைக் கொண்டுபோவதுதான் உங்கள் நினைப்பெல்லாம்.

நாங்கள் அந்த மாதங்களில் அதிகம் கதைக்கவில்லை. நீங்கள் இயல்பிலேயே குறைவாகப் பேசுகிறவர். எனக்கோ என்ன கதைப்பதென்று தெரியாது. சாப்பாடு போடவோ, ஓம். தேத்தண்ணி ஊத்தவோ, ஓம். இரவில் விளக்கை நிற்பாட்டவோ, ஓம். ஒருநாள் பின்னேரம் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்க, நீங்கள் குசினி வாசலில் வந்து நின்று, கையைச் சாரத்தில் துடைத்தபடி, ஒரு உதவி செய்ய முடியுமோ என்று கேட்டீர்கள். பிறேக் ஒயிலுக்குள் புகுந்த எயரை எடுக்கவேண்டும், அதற்கு ஒருவர் பெடலை அமத்திப் பிடிக்கவேண்டும், வழக்கமாக வருகிற சிநேகிதர் வரவில்லை என்றீர்கள்.

அந்தக் கொட்டிலுக்குள்தான் நாங்கள் கதைக்கப் பழகினோம். நீங்கள் சில்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்திருப்பீர்கள். முகம் தெரியாது. குரல் மட்டும் வரும். "அமத்தும்." அமத்துவேன். "பிடிச்சுக்கொண்டிரும்." பிடிச்சன் என்பேன். நிப்பிள் திறக்கும், பெடல் கீழே இறங்கும், நிப்பிள் பூட்டும். "விடும்." முகம் தெரியாததால் எனக்குக் கூச்சம் இல்லாமல் போனது. இடையிடையே கேள்வி கேட்டேன். ஏன் தூரத்துச் சில்லில் தொடங்கவேண்டும், ஒயிலுக்குள் காற்று இருந்தால் ஏன் பெடல் மெத்தென்று போகிறது என்றெல்லாம். காற்றை அமத்தினால் சுருங்கும், ஒயிலை அமத்தினால் சுருங்காது என்று நீங்கள் சொல்ல, அது எனக்குப் படிப்பித்த பாடம்தானே என்று நான் சொன்னேன். காருக்குக் கீழேயிருந்து நீங்கள் சிரித்தது கேட்டது. உங்கள் சிரிப்பை நான் முதலில் கேட்டது அப்படித்தான், முகம் பார்க்காமல்.

பெடல் சரிவரவில்லை. சில நேரம் முதல் அமத்தில் ஆழத்துக்குப் போகும். இரண்டாம் தரம் அடித்தால் மேலே வந்து நிற்கும். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று பின்னேரம் நாலு சில்லிலும் எயர் எடுத்தோம். போத்தலுக்குள் ஒரு குமிழி கூட வரவில்லை. பின் சில்லுகளில் பிறேக் கட்டைகளை நெருக்கிவிட்டீர்கள். குழாய்ப் பூட்டுகளில் கசிவு இருக்கிறதோ என்று கடதாசி ஒற்றிப் பார்த்தீர்கள். எல்லாம் காய்ந்திருந்தது. ஓட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, நீங்கள் நிப்பிளைப் பூட்டிவிட்டு ஏதோ யோசனையில் "விடும்" என்று சொல்ல மறந்துபோனீர்கள். நான் பிடித்தபடியே இருந்தேன். எல்லாம் பூட்டியிருக்க, என் காலுக்குக் கீழே பெடல் மெல்ல மெல்ல இறங்கியது. நல்ல ஆழமான சேற்றில் கால் வைத்தது போல, அவசரமில்லாமல். சொன்னேன். நீங்கள் எழும்பி வந்து, என்னை இறக்கிவிட்டு, ஏறி இருந்து ஓங்கி ஒரு அடி அடித்தீர்கள். பெடல் கல்லு மாதிரி நின்றது. இன்னொரு தரம் அடித்தீர்கள். நின்றது.

"இறங்கேல்லையே. உம்மடை கால் களைச்சுப்போச்சு," என்றீர்கள்.

பெடலுக்கு நேரே இருக்கிற மாஸ்ரர் சிலிண்டருக்குள்தான் பிழை இருக்கலாமோ என்று கேட்டேன். பெடல் அமத்த அமத்த நாலு சில்லுக்கும் ஒயிலைத் தள்ளிவிடுகிற சிலிண்டர் அதுதான் என்று இரண்டு நாளைக்கு முதல் நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். உங்கள் முகம் மாறியது. அதைப் போன மாதம்தான் கழற்றித் துப்புரவாக்கி, உள்ளே புது ரப்பர்க் கப் போட்டது நீங்களே. அதில் பிழை வர வழியில்லை என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கதவு பூட்டுகிற மாதிரி ஒரு சத்தம் அந்தக் குரலில் இருந்தது. ஓம், கால் களைப்புத்தான் என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வல்லை வெளிக்குக் கொண்டுபோய் ஓடிப் பார்க்கப்போகிறேன், வாறீரோ என்று கேட்டீர்கள். சனிக்கிழமையே எனக்காக இரண்டாவது சீற்றை எடுத்துத் தூசி தட்டிப் பூட்டியிருந்தீர்கள். கலியாணத்துக்குப் பிறகு கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போனதைத் தவிர, நாங்கள் இரண்டு பேரும் நாங்களாக எங்கேயும் போனதில்லை. நான் நீலச் சேலை உடுத்துக்கொண்டு ஏறினேன்.

வல்லை வெளி அன்றைக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் ஒரு மரம் இல்லை. வெட்டவெளியும் தண்ணீரும், நடுவில் ஒரு நேர் றோட்டு. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. முதலில் மெதுவாக ஒரு தரம் போய்த் திரும்பி வந்தோம். பிறகு, பயப்படமாட்டீரோ என்று என்னைக் கேட்டுவிட்டு, கியரை மாற்றி மாற்றி ஏற்றினீர்கள். என் முழங்காலுக்குக் கீழே தகரம் அதிர்ந்தது. இவ்வளவு வேகத்தில் நான் வாழ்க்கையில் போனதில்லை. பயம் வரவில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் ஒருக்கால் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். தூரம் இருந்தது. பந்தயத்தில் அடிக்கிற மாதிரி ஓங்கி அடித்தால் நான் முன்னுக்குப் போய் மோதுவேன் என்று நினைத்து, எனக்காக, பிறேக்கை மெதுவாக அமத்தினீர்கள். பெடல் நிற்கவில்லை. உங்கள் முழங்கால் நீண்டுகொண்டே போனதை நான் பார்த்தேன். அடிவரைக்கும் போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கண் மூடித் திறக்கிற நேரம். நீங்கள் கியரைக் குறைத்தீர்கள். பெடலைப் படபடவென்று அடித்தீர்கள்; அது பிடிக்க முதல் தூரம் முடிந்துபோனது. ஹாண்ட் பிறேக்கை இழுத்தீர்கள். சைக்கிள்காரர் சைக்கிளை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் பாய்ந்தார். கார் சுழன்று, றோட்டை விட்டு இறங்கி, உப்புச் சேற்றுக்குள் பாதிச் சில்லுவரை புதைந்து நின்றது. எஞ்சின் நின்றுபோனது. காற்று மட்டும் கேட்டது. என் நெற்றியில் சின்னக் காயம். நீங்கள் ஸ்ரியறிங்கைப் பிடித்த கையை எடுக்காமல், என்னைப் பார்க்காமல், ஏதும் நோகுதோ என்று மூன்று தரம் கேட்டீர்கள்.

மீன்காரர் எழும்பி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முதலில் என்னை இறக்கி றோட்டில் இருத்தினார். பிறகு நாங்கள் மூன்று பேருமாகச் சிதறிக் கிடந்த மீனைப் பொறுக்கினோம். என் நீலச் சேலை முழுக்கச் செதிள். காரைத் தள்ளி ஏற்ற இன்னும் இரண்டு பேரை மறித்துப் பிடித்ததும் அவர்தான். போகும்போது சொன்னார்: "சன்னதி முருகன் உங்களைக் காப்பாத்திப்போட்டான். பிறேக்கை நீங்கள்தான் பாக்கவேணும்."

வீட்டுக்கு ஊர்ந்து வந்து சேர்ந்தோம். நீங்கள் சாப்பிடவில்லை. கொட்டிலுக்குள் போய் நின்றீர்கள். நானும் வந்தேன். ஒரு பிழை எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் கணக்கில் என்ன செய்வீர் என்று கேட்டீர்கள். சரியென்று தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக விலக்குவேன் என்றேன். சில்லுகளுக்குப் போகிற ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்து அடைத்தால், எந்தச் சில்லில் பிழை என்று தெரியாதோ என்று கேட்டேன். நெரித்து அடைத்தீர்கள். எல்லாக் குழாயையும் அடைத்த பிறகு என்னை ஏறச் சொன்னீர்கள். ஓங்கி அடிக்கவேண்டாம், உம்மடை மாதிரி மெதுவாக அமத்தும் என்றீர்கள். அமத்தினேன். ஒயில் போவதற்கு ஒரு வழியும் இல்லாதபோதும் பெடல் இறங்கியது. நீங்கள் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அது பலகையைத் தொடும்வரை பார்த்தீர்கள்.

மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றியபோது உள்ளே இருந்த புது ரப்பர்க் கப் ஊதி, விளிம்பு வளைந்து கிடந்தது. ஓங்கி அடித்தால் அந்த விளிம்பு விரிந்து சிலிண்டரோடு ஒட்டி ஒயிலைப் பிடிக்கும். மெதுவாக அமத்தினால் ஒயில் அதைத் தாண்டிப் பின்னுக்கு நழுவிவிடும்; ஓடிச் சூடேறினால் இன்னும் விரைவாக நழுவும். அதனால்தான் உங்கள் காலுக்குத் தெரியாதது என் காலுக்குத் தெரிந்தது.

அந்த அளவு ரப்பர் யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றிலும் இருக்கவில்லை. கொடிகாமத்தில் லொறி திருத்துகிற பெரியவர் ஒருவரிடம் இருக்கலாம் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். சந்தைக்கு முன்னால் கொழும்புக்குப் போகிற லொறிகளில் மரக்கறி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவர் நீங்கள் கொடுத்த கப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பூட்ட முதல் இதைப் பெற்றோலில் கழுவினனீரோ என்று கேட்டார். நீங்கள் எஞ்சின் சாமான் எல்லாவற்றையும் பெற்றோலில் கழுவுகிற ஆள். பிறேக் ரப்பர் பெற்றோல் பட்டால் ஊதிவிடும் என்று உங்களுக்குத் தெரியாமலும் இல்லை. பழக்கத்தில் கை செய்துவிட்டது. பக்கத்தில் நான் நின்றேன், அவருடைய வேலையாட்கள் நின்றார்கள். வேறு ஏதும் சொல்லித் தப்பியிருக்கலாம்.

"ஓம். என்ரை பிழை," என்றீர்கள்.

அந்த மூன்று சொல்லோடுதான் எனக்கு உங்கள்மேல் விருப்பம் வந்தது. கழுத்தில் தாலி ஏறி மூன்று மாதத்துக்குப் பிறகு.

பெரியவர் தேடித் தந்த கப்பைப் பூட்டிய பிறகு, மலைநாட்டுக்கு நானும் வந்தேன். யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, கடைசி வளைவுக்குப் பக்கத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன். உங்கள் வகுப்பில் இரண்டாவதாக வந்தீர்கள். அந்தக் கடைசி வளைவில் அவ்வளவு பிந்திப் பிறேக் அடித்தது எப்படி என்று சிங்களச் சிநேகிதர் ஒருவர் உங்கள் முதுகில் தட்டிக் கேட்டார். ஆம்பிளைகள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். நீங்கள் என் பக்கம் கையைக் காட்டி, பிழை விட்டது நான், கண்டுபிடித்தது என்ரை மனிசி என்று சொன்னீர்கள். எல்லாரும் திரும்பிப் பார்க்க, எனக்குத் தேத்தண்ணிப் போத்தலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆடி மாதத்துக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் யார் போனது? முதுகில் தட்டியவரிடமிருந்து புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறீர்களோ என்று மட்டும் கேட்டிருந்தார். பதில் போட்டீர்கள். கார் கொட்டிலுக்குள்ளேயே நின்றது.

சண்டையால் பெற்றோல் வராத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு நாள் கிட்டியபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒழுங்கையில் ஓடக்கூடிய கார் அது ஒன்றுதான். பிறேக் ஒயில் எங்கும் இல்லை. ஆமணக்கெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் கலந்து ஊற்றினீர்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் செய்ததும் இதுதான் என்று சொல்லிக்கொண்டே. நான் பெடலில் இருந்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் காருக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. எல்லாம் பூட்டி முடிந்த பிறகு, "விடும்" என்று சொல்லாமல், "உம்மடை கால் என்ன சொல்லுது?" என்று கேட்டீர்கள். நூறுவரைக்கும் எண்ணினேன். நிக்குது என்றேன். அந்தப் பிள்ளை நல்லபடி பிறந்தது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எல்லாரோடும் சேர்ந்து ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, பந்தயத்துக்கென்று செய்த கார் மனிதர் நடக்கிற வேகத்தை விட மெதுவாகப் போனது. பின்னுக்குத் திரும்பப் பூட்டிய சீற்றில் மகளும், நடக்க ஏலாத இரண்டு அயலட்டைக் கிழவரும். நீங்கள் பிறேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. கொடிகாமத்துக்குப் போய்ச் சேர்ந்து இறங்கியபோது வலது கால் மரத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கார் அங்கேயே ஒரு தென்னங்காணிக்குள் நின்றுபோனது. நாங்கள் திரும்பி வந்தோம், அது வரவில்லை. அதற்காக நீங்கள் பெரிதாகக் கவலைப்படவுமில்லை.

ஆனால் வல்லை வெளிக் கதையை மட்டும் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வீர்கள். கடைசி மாதம், கட்டிலில் படுத்தபடி, பார்க்க வந்தவர்களுக்கும் சொன்னீர்கள். பெற்றோலில் கழுவின மடைத்தனத்தாலை இவவையும் கொண்டுபோய்ச் சேத்துக்குள்ளை தள்ளினன், அந்த மனிசனையும் கொல்லப் பாத்தன் என்று. அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுப்பேன். உங்கள் கண் மட்டும் சிரிக்காது. நாற்பது வருடம் அந்தப் பிழை முழுவதையும் நீங்களே வைத்திருந்தீர்கள்.

சொல்லாமல் விட்டது இதுதான்.

வல்லை வெளிக்குப் போவதற்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் குளிக்கக் கிணற்றடிக்குப் போனபோது, நான் தனியே கொட்டிலுக்குள் போனேன். காரில் ஏறி இருந்து, பிறேக்கை மெதுவாக அமத்திப் பிடித்தேன். களைப்பில்லாத கால். எண்ணத் தொடங்கினேன். நாற்பதில் பெடல் பலகையைத் தொட்டது. திரும்பவும் செய்தேன். திரும்பவும் நாற்பது. பிழை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லை.

கிணற்றடியிலிருந்து நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நான் குசினிக்குள் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீங்கள் திரும்ப எல்லாவற்றையும் கழற்றுவீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றுவிடும். உங்கள் கோபத்துக்குப் பயந்து சொல்லாமல் விட்டேன் என்று பிறகு பல தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். எனக்கு உங்களோடு போகவேண்டும் போல் இருந்தது. அவ்வளவுதான். அந்த மீன்காரரும் நீங்களும் நானும் செத்திருக்கக்கூடிய ஒரு காரில், தெரிந்துகொண்டே, நீலச் சேலையும் உடுத்து ஏறி இருந்தேன்.

கொடிகாமத்தில் நீங்கள் மூன்று சொல்லில் சொல்லி முடித்தீர்கள். எனக்கு நாற்பது வருடம் வாய் வரவில்லை. இனி அந்தப் பிழையில் பாதியை என்னிடம் தாருங்கோ. மிச்சக் காலத்துக்கு நான் வைத்திருக்கிறேன். பிறேக் இறங்க முதல் நீங்கள் ஒருக்கால் திரும்பி என்னைப் பார்த்தீர்களே, அதையும் சேர்த்துத்தான்.